உள்மடிப்பு

ஜூன் மாதத்து முதல் திங்கட்கிழமை. சோழவந்தானிலிருந்து வாடிப்பட்டி போகிற வழியில் ஒரு சிற்றூர். காலை ஏழு மணி. டெய்லர் கடை ஷட்டர் பாதி ஏறி நிற்கிறது.

டெய்லர் குனிந்து உள்ளே போகிறார். ஆணியில் தொங்கும் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார். அறுபது அங்குல டேப். முனையில் இருக்கும் பித்தளைத் தகடு தேய்ந்து மங்கியிருக்கிறது. முதல் மூன்று அங்குலத்தின் எண்கள் அழிந்துவிட்டன. அவர் கை அந்த மூன்றையும் மனப்பாடமாக வைத்திருக்கிறது.

மிஷினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய். முருகன் படத்துக்கு ஒரு ஊதுபத்தி.

எட்டு மணிக்குக் கடை வாசலில் ஐந்து தாய்மார்கள். ஐந்து பேர் கையிலும் பள்ளியில் கொடுத்த சீருடை. தோள் இறங்கிய சட்டை. இடுப்பில் நிற்காத கால்சட்டை. பிள்ளைகள் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

“இடுப்ப மட்டும் பிடிங்கண்ணே. நீளத்த வெட்டிராதீங்க. உள்ள மடிச்சுத் தைங்க. வளர்ற பிள்ள.”

ஐந்து பேரும் இதே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். டெய்லர் ஐந்து முறையும் முதல் முறை கேட்பது போலத் தலையாட்டுகிறார்.

நோட்டில் பெயர், இடுப்பு, நீளம். கடைசிக் கட்டத்தில் ‘ம’ என்று ஓர் எழுத்து. ம 2. ம 3. மடிப்பு எத்தனை அங்குலம் என்று அவர் யாரையும் கேட்பதில்லை. பிள்ளையின் பாதத்தைப் பார்க்கிறார். ஆறாம் வகுப்புக்குப் போகும் ஒரு சிறுமியின் பாதங்களில் பார்வை கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது. ஒல்லியான கணுக்காலுக்குக் கீழே பெரிய பாதம். செருப்புக்கு வெளியே குதிகால்.

ம 4.

பாதம்தான் முதலில் வளர்கிறது. பிறகு கால். உடம்பு கடைசியாக வருகிறது. எலும்பு மருத்துவப் புத்தகங்களில் இருக்கும் இந்தச் செய்தி, டெய்லருக்கு முப்பது வருட ஜூன் மாதங்களில் கிடைத்தது.

*

செவ்வாய்க்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையம். கர்ப்பிணிகள் நாள்.

வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் பதினோரு பெண்கள். ஒவ்வொரு மடியிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் தாய் சேய் அட்டை, ஸ்கேன் தாள், ஆதார் நகல், பேங்க் பாஸ்புக். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் வரும் மகப்பேறு நிதி தவணை தவணையாக அந்த பாஸ்புக்குக்குத்தான் வரவேண்டும். ஒரு பெண் அதைத் திறந்து பார்க்கிறாள். மூடுகிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறக்கிறாள்.

எவர்சில்வர் டம்ளரில் குளுக்கோஸ் தண்ணீர். 75 கிராம். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 2007லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை உண்டு. வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் முதலிலிருந்து குடிக்க வேண்டும். அதனால் குடித்தவர்கள் யாரும் பேசுவதில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்க்கிறார்கள். ஒரு மாமியார் தன் மருமகளின் மூக்கருகே எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கை வலிக்கும்போது மறு கைக்கு மாற்றுகிறார்.

உள்ளே கட்டிலில் ஒருத்தி மல்லாந்து படுத்திருக்கிறாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு முடிந்திருக்கிறது. கன்னத்து ஓரத்தில் இன்னும் மஞ்சள்.

நர்ஸம்மா பையிலிருந்து டேப்பை எடுக்கிறார். டெய்லரின் டேப்பைப் போன்ற அதே சாதா டேப். அடிவயிற்று எலும்பில் ஒரு முனை. கர்ப்பப்பையின் மேல் விளிம்பில் மறு முனை. 27 சென்டிமீட்டர். அட்டையில் வாரக் கணக்கும் 27. இந்த மாதங்களில் வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர், கிட்டத்தட்ட.

வயிற்றில் டாப்ளர் கருவியை வைக்கிறார். முதலில் இரைச்சல். கருவி ஒரு விரற்கடை நகர்கிறது. திடீரென்று அறை முழுக்க ஒரு சின்ன குதிரை ஓடுகிறது.

“நூத்தி நாப்பத்தாறு,” என்கிறார் நர்ஸம்மா. எழுதிக்கொள்கிறார்.

படுத்திருப்பவள் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்குகிறாள். வளையல்கள் மொத்தமாகச் சரிகின்றன. வயிற்றின் இடப்பக்கம் ஓரிடம் எழும்பி அடங்குகிறது. 27 வாரத்தில் வெளிச்சத்தம் உள்ளே கேட்கும். அவள் கையை இறக்கவில்லை. மெல்ல இன்னொரு முறை ஆட்டுகிறாள். காத்திருக்கிறாள். வயிறு மறுபடி எழும்புகிறது.

நர்ஸம்மா அடுத்த பெயரைக் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் நிற்கிறார்.

*

புதன்கிழமை ஊசி நாள். அங்கன்வாடி முற்றம். நீலநிறத் தடுப்பூசிப் பெட்டி. மூடியைத் திறந்தால் ஐஸ் பொதிகளிலிருந்து வெண்புகை.

ஆறு வாரக் குழந்தை ஒன்று அம்மாச்சியின் மடியில். நர்ஸம்மா குனிகிறார். குழந்தை அவர் முகத்தைப் பார்க்கிறது. புருவத்துக்கும் தலைமுடிக்கும் இடையில் எங்கோ பார்வை தங்குகிறது. உதடு விரிகிறது. சிரிப்பு. யார் முகம் என்றாலும் இந்தச் சிரிப்பு உண்டு. வாயில் சொட்டு மருந்து. தொடையில் ஊசி. சிரிப்பு ஒரு கணம் அப்படியே நிற்கிறது. முகம் சிவக்கிறது. வாய் திறக்கிறது. சத்தம் பிறகுதான் வருகிறது.

அடுத்தது ஒன்பது மாதக் குழந்தை. நர்ஸம்மா இன்னும் நாற்காலியை இழுக்கக்கூட இல்லை. குழந்தை அவரைப் பார்க்கிறது. அம்மாவைப் பார்க்கிறது. மறுபடி அவரைப் பார்க்கிறது. கீழுதடு பிதுங்குகிறது. முகத்தை அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொள்கிறது. ஊசி எடுக்குமுன்பே அழுகை.

“போன தடவ எங்கிட்ட சிரிச்சுச்சே,” என்கிறார் நர்ஸம்மா.

“இப்ப வேத்துமுகம் பாக்குதுங்கம்மா.”

“பாக்கட்டும். நல்லதுதான்.”

ஊசி போட்ட கையை அம்மா ஊதிக்கொண்டே இருக்கிறாள். அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை விசும்பலுக்கு நடுவே அம்மாவின் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைக்கிறது. தோள் வழியாக நர்ஸம்மாவை ஒரு கண்ணால் கவனிக்கிறது. அவர் பார்த்தால் மறைகிறது. அவர் திரும்பினால் எட்டிப் பார்க்கிறது.

*

அதே புதன், பகல் பதினொன்று. ஊசி நாள் இல்லாத ஒரு வீடு. கொல்லைப்புறத்தில் துவைகல். அதன் பக்கத்தில் பலகை போட்டு ஓர் அம்மாச்சி உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கால்களையும் நீட்டியிருக்கிறார். சேலை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருக்கிறது. கால்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் ஐந்து மாதக் குழந்தை.

பானையில் வெந்நீர். அம்மாச்சி முழங்கையை முக்கிப் பார்க்கிறார். ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் விளாவுகிறார். மறுபடி முழங்கை. சரி.

உச்சந்தலையில் எண்ணெய். உள்ளங்கை அங்கே போகும்போது மட்டும் எடை இழக்கிறது. அங்கே எலும்பு இன்னும் கூடவில்லை. உச்சிக்குழி மெல்லத் துடிக்கிறது. அது மூட ஒன்றரை வயது வரைகூட ஆகும். அதற்குள் மூளை வளர அந்த இடைவெளி வேண்டும்.

தொடையில் மூன்று மடிப்பு. ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விலக்கி மாவு தேய்க்கிறார். மணிக்கட்டில் ஒரு மடிப்பு. அதில் நேற்றைய மை.

துவட்டி, சாம்பிராணி காட்டி, கோரைப்பாயில் குப்புறப் போடுகிறார். குழந்தை இரு கையையும் ஊன்றுகிறது. ஒரு கால் மடிந்திருக்கிறது. மறு கால் நீண்டிருக்கிறது. தலை மேலே வருகிறது. ஆடுகிறது. விழுகிறது. மறுபடி கை ஊன்றுகிறது.

பிள்ளைத்தமிழில் இந்த நிலைக்குச் செங்கீரை என்று பெயர். ஐந்தாம் மாதத்துக்கு உரியது. தாலாட்டுக்குத் தாலப் பருவம், கை கொட்டுவதற்குச் சப்பாணி, தளர்நடைக்கு வருகை. குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டில் மீனாட்சியைப் பாடியதும் இந்தப் பருவங்களின் வரிசையில்தான். மதுரையின் அரசியும் அதில் ஒரு பருவம் முழுக்கத் தலையைத் தூக்கக் கற்றுக்கொள்கிறாள்.

அம்மாச்சி எதுவும் பாடவில்லை. கிலுகிலுப்பையைக் குழந்தையின் கைக்கு எட்டாத ஒரு சாண் தூரத்தில் வைக்கிறார். எட்டிவிடும் போலிருந்தால் இன்னும் இரண்டு விரற்கடை தள்ளுகிறார். குழந்தை அழப்போகும்போது கையில் கொடுத்துவிடுகிறார்.

திண்ணையில் மூத்த பேரன். சின்னம்மாவின் பத்து மாத மகளுக்கு அவன் கரண்டி கொடுக்கிறான். அவள் கீழே போடுகிறாள். ‘டங்’. எட்டிப் பார்க்கிறாள். அவன் எடுத்துக் கொடுக்கிறான். போடுகிறாள். ‘டங்’. எடுத்துக் கொடுக்கிறான். ஏழாவது முறை அவன் கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறான். போன மாதம் என்றால் அவள் கரண்டியை அதோடு மறந்திருப்பாள். இப்போது தவழ்ந்து அவன் முதுகுப்பக்கம் வருகிறாள்.

*

அங்கன்வாடியின் உள்ளே. எடைக்கருவிக்கு முன்னால் வரிசை. மூன்று வயதுக்காரன் ஒருவன் ஏறி நிற்கிறான். டீச்சர் எண்ணைச் சொல்கிறார். உதவியாளர் வரைபடத்தில் புள்ளி வைக்கிறார். பச்சைப் பட்டைக்குள் விழுகிறது. அடுத்த பெண் குழந்தையின் புள்ளி மஞ்சளின் ஓரத்தில். போன மாதப் புள்ளியும் அதே உயரத்தில்தான். டீச்சர் இரண்டு புள்ளிகளையும் பென்சிலால் இணைக்கிறார். கோடு படுத்திருக்கிறது. இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், ஒரு வண்ண நாடாவைச் சுற்றுகிறார். 12 புள்ளி 8 சென்டிமீட்டர். பன்னிரண்டரைக்கு மேல். பச்சை. டீச்சர் மூச்சு விடுகிறார். சத்துமாவுப் பொட்டலம் ஒன்று கூடுதலாக அம்மாவின் பைக்குள் போகிறது.

மணலில் இரண்டு பேர். ஒருவன் கொட்டாங்குச்சியில் இட்லி சுடுகிறான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனும் இட்லி சுடுகிறான். ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. ஆனால் முதலாமவன் எழுந்து இடம் மாறினால், இரண்டாமவனும் தன் கொட்டாங்குச்சியோடு எழுந்து அங்கே போகிறான்.

மதியம் ஒன்றரை. பாயில் பதினான்கு பேர் தூக்கம். ஒரு குழந்தையின் கை பக்கத்துக் குழந்தையின் காதைப் பிடித்திருக்கிறது.

*

தொடக்கப்பள்ளி. தலைமை ஆசிரியை மேஜையில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் படிவம். ஒரு தாத்தா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன்.

பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. ஆதார் இருக்கிறது. ஐந்து வயது முடிந்து எட்டு மாதம். ஆசிரியை எழுதத் தொடங்குகிறார்.

“தொட்டுப் பாக்கலையா டீச்சர்?” என்கிறார் தாத்தா.

“அதெல்லாம் இப்ப இல்லங்கய்யா. சர்டிபிகேட் போதும்.”

“எங்க காலத்துல தொட்டாத்தான் சேத்துக்குவாக.”

தாத்தா பேரனை நடுவில் நிறுத்துகிறார். அவன் வலது கையைத் தூக்கித் தலைக்கு மேலே வளைத்து இடது காதுப் பக்கம் இறக்குகிறார். பையன் கண்ணை இறுக மூடுகிறான். தோளைத் தூக்குகிறான். தலையைச் சாய்க்கிறான்.

“தலைய நேரா வையி.”

நேராக வைக்கிறான். நடுவிரலின் நகம் காதின் மேல் நுனியில் படுகிறது. அவ்வளவுதான்.

பிறக்கும்போது உடம்பின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலை. வளர்ந்து முடிந்தபின் எட்டில் ஒரு பங்கு. இடையில் கையும் காலும் தலையைத் துரத்திப் பிடிக்கின்றன. சான்றிதழ் இல்லாத காலத்தில் வாத்தியார்கள் அந்தத் துரத்தலைக் காதருகே நின்று பார்த்தார்கள். சாப்பாடு குறைந்த பிள்ளைகளின் கை காதுக்கு வரத் தாமதமானது. பள்ளியும் தாமதமானது.

தாத்தா பார்க்கிறார். ஆசிரியை பேனாவை வைத்துவிட்டுப் பார்க்கிறார்.

“தொட்டுட்டான்யா,” என்கிறார் ஆசிரியை.

பையன் கையை எடுக்கவில்லை. காதைப் பிடித்தபடியே ஒன்றாம் வகுப்பு வரை நடக்கிறான்.

*

இரண்டாம் வகுப்பில் இருபத்தாறு பேர். முன்பல் இருப்பவர்கள் ஒன்பது பேர். ‘பசு’ என்று சொல்லச் சொன்னால் வகுப்பு முழுக்கக் காற்று அடிக்கிறது. ஒரு சிறுமி பாவாடை நாடாவில் முடிந்துவைத்த பல்லை எடுத்துக் காட்டுகிறாள். சாயங்காலம் அதைச் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறிவாள். அவள் வீடு கான்கிரீட். அதனால் பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரையில் எறிய அனுமதி வாங்கியிருக்கிறாள்.

காலை எட்டேகாலுக்கே வந்துவிடுகிறார்கள். தட்டில் உப்புமா, சாம்பார். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. மதியச் சாப்பாடு இவர்கள் பெற்றோர் காலத்திலேயே உண்டு. ஒரு பையன் தட்டை வழித்துவிட்டு இரண்டாம் முறைக்கு நிற்கிறான். சமையல் அக்கா கேட்காமலே போடுகிறார். அவனுக்கு எவ்வளவு வேண்டும் என்பது அவர் கரண்டிக்குத் தெரியும்.

*

வியாழக்கிழமை. உயர்நிலைப்பள்ளி. காலை வழிபாட்டு வரிசை. உயரப்படி நிற்க வேண்டும்.

ஏழாம் வகுப்பில் கடைசி நான்கு பேரும் பெண்கள். அவர்கள் தோள் உயரத்துக்கு இருக்கும் பையன்கள் முன்னால். பையன்களுக்கு இன்னும் இரண்டு வருடம் ஆகும். கடைசியில் நிற்பவள் முதுகைக் கூன் போட்டிருக்கிறாள். புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறாள்.

“நிமிந்து நில்லும்மா,” என்கிறார் விளையாட்டு டீச்சர்.

நிமிர்கிறாள். டீச்சர் தாண்டிப் போனதும் மறுபடி கூன்.

பத்து நாளுக்கு முன் இதே பெண் ஊர் முக்கில் ஒன்பது அடி உயரத்தில் நின்றாள். ஃபிளெக்ஸில். பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி, இரு பக்கமும் மாமன்மாரின் கைகூப்பிய படங்கள். பூப்புனித நீராட்டு விழா. சுற்றிலும் அரசியல் கட்சிக் கொடிகளின் நிறம். விழா முடிந்தும் ஃபிளெக்ஸ் நின்றது. பள்ளிக்கு வந்த முதல் நாள் அவள் முக்கைத் தவிர்த்துக் கொடிக்கால் வழியாகச் சுற்றி வந்தாள். இரண்டு கிலோமீட்டர் கூடுதல். கூட ஒரு தோழி. அவளும் எதுவும் கேட்கவில்லை.

நேற்றுக் காற்றில் ஃபிளெக்ஸ் ஒரு பக்கம் அவிழ்ந்தது. யாரோ அதை எடுத்து மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருக்கிறார்கள். படம் உள்பக்கம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் நீல மாத்திரை. வாரத்துக்கு ஒன்று. இரும்புச்சத்து. வகுப்பு டீச்சர் ஒவ்வொரு மேஜையாக வந்து நிற்கிறார். முழுங்கியதும் வாயைத் திறந்து காட்டவேண்டும். கடைசி பெஞ்சில் மூன்று பெண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிச் சேர்ந்து முழுங்குகிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவு. “உள்ளேன் ஐயா.” “உள்ளேன் ஐயா.” ஒருவன் குரல் ‘உள்’ளில் கீழே தொடங்கி ‘ளேன்’னில் உச்சிக்கு ஏறுகிறது. வகுப்பு சிரிக்கிறது. மறுநாளிலிருந்து அவன் கையை மட்டும் தூக்குகிறான். ஆசிரியர் ஒரு முறை நிமிர்ந்து பார்க்கிறார். கையைக் குறித்துக்கொள்கிறார். இனி அந்த எண் வரும்போது அவரே தலையைத் தூக்கிப் பார்த்துவிடுகிறார்.

*

வெள்ளி. காலை ஐந்தே முக்கால். பிளஸ் டூ மாணவன் வீடு. அம்மா முதல் முறை கூப்பிடுகிறாள். ஆறு மணிக்கு இரண்டாம் முறை. ஆறேகாலுக்கு ஃபேனை நிறுத்துகிறாள்.

இரவு பதினொன்றரை வரை போர்வைக்குள் நீல வெளிச்சம் இருந்தது. அது பாதிக் காரணம். பதின்வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் இரவில் பிந்தித்தான் சுரக்கிறது. காலையில் பிந்தித்தான் அடங்குகிறது. ஸ்பெஷல் கிளாஸ் ஏழரைக்கு.

“எந்திரிடா. என்னடா இப்பிடித் தூங்குற. ஒங்கப்பா இந்நேரம் ரெண்டு கொடிக்காலுக்குத் தண்ணி பாச்சிருவாரு.”

எழுந்து உட்கார்கிறான். உட்கார்ந்தபடியே தூங்குகிறான். அம்மா அவன் தலைமுடியை ஒருமுறை கோதுகிறாள். அவன் தலையை விலக்கிக்கொள்கிறான். கண் இன்னும் மூடித்தான் இருக்கிறது.

ஏழு ஐந்துக்கு மதுரை பஸ். நிறுத்தத்தில் அவன் தனியாக. பஸ் வருகிறது. உள்ளே ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறான். அடுத்த நிறுத்தம். கூட்டாளிகள் நான்கு பேர் ஏறுகிறார்கள். அவன் நடுவிலிருந்து மெல்ல வாசலுக்கு வருகிறான். வைகைப் பாலத்துக்கு முன்னால் ஒரு கால் படியில். மறு கால் காற்றில்.

கண்டக்டர் விசில் கொடுக்கிறார். பஸ் நிற்கிறது. “மேல ஏறுனாத்தான் வண்டி எடுக்கும்.” யாரும் எதுவும் பேசவில்லை. ஐந்து பேரும் உள்ளே வருகிறார்கள். கண்டக்டர் வாசலில் குறுக்கே நின்றுகொண்டு பாலம் முடியும்வரை அங்கேயே டிக்கெட் கிழிக்கிறார்.

இ-சேவை மையம், பத்து மணி. பதினெட்டு முடிந்த ஒரு பெண். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6. வயது வரம்பு 1989இல் இருபத்தொன்றிலிருந்து பதினெட்டுக்கு இறங்கியது. அவளுடைய அம்மாச்சி முதல் ஓட்டுப் போட இருபத்தொன்று வரை காத்திருந்தவர். அதற்குள் அவருக்கு மூன்று பிள்ளைகள்.

கேமராவைப் பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்கிறாள். சிரிக்கலாமா என்று கேட்கிறாள். வேண்டாம் என்கிறார்கள்.

அங்கிருந்து ஏடிஎம். புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரி மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய். இரண்டு ஐநூறு வருகிறது. ஒன்றைப் பர்ஸில் வைக்கிறாள். இன்னொன்றை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறாள். அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் செருகுகிறாள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

*

சனிக்கிழமை. டெய்லர் கடையில் விளக்கு எரிகிறது. ஜெனகை மாரியம்மன் கோவில் வைகாசித் திருவிழா நெருங்குகிறது. மேஜையில் ஒரு பட்டுப்பாவாடை. மாம்பழ நிறம், அரக்குக் கரை.

“இன்னும் ஒரு டக்கு இருக்கும் பாருங்க,” என்கிறாள் கொண்டுவந்தவள். பக்கத்தில் மகள். திங்கட்கிழமை ‘ம 4’ எழுதப்பட்ட அதே பாதங்கள்.

டெய்லர் பாவாடையைப் புரட்டுகிறார். ஏழு வயதில் தைத்தது. அப்போது நான்கு டக்குப் பிடித்தார். எட்டில் ஒன்றைப் பிரித்தார். ஒன்பதில் ஒன்று. பத்தில் ஒன்று. பிரித்த இடங்களில் துணி நிறம் மங்காமல் பளிச்சென்று கோடு கோடாக இருக்கிறது. வெயில் படாத மாம்பழ நிறம். மேலேயிருந்து கீழே மூன்று கோடுகள். கோடுகளுக்கிடையே இடைவெளி ஒன்றுபோல் இல்லை.

நான்காவது தையலில் பிளேடு நுனியை வைக்கிறார். நூல் ஒவ்வொன்றாக அறுபடுகிறது. மடிப்பு விரிகிறது. நான்காவது கோடு. சிறுமியின் இடுப்பில் வைத்துப் பார்க்கிறார். கரை கணுக்காலுக்கு மேலே ஆறு விரற்கடையில் நிற்கிறது.

அம்மா பார்க்கிறாள். மகள் குனிந்து பார்க்கிறாள்.

“தங்கச்சிக்கு ஆகும்மா,” என்கிறார் டெய்லர். நான்கு டக்கையும் மறுபடி பிடிக்கச் சாக்பீஸால் கோடு போடத் தொடங்குகிறார். மகள் பாவாடைக் கரையை விரலால் ஒருமுறை தடவிவிட்டுக் கையை எடுக்கிறாள்.

பிளஸ் டூ பையன் வருகிறான். கால்சட்டையை நீட்டுகிறான். “பென்சில் ஃபிட்டாப் பிடிங்கண்ணே.” பின்னாலேயே அவன் அம்மா. “பிடிக்காதீங்கண்ணே. இப்பத்தான் வாங்குனது.” டெய்லர் இரண்டு பேருக்கும் தலையாட்டுகிறார். நோட்டில் ஒரு அளவு எழுதுகிறார். இரண்டு பேர் கேட்டதற்கும் நடுவில் ஓர் எண்.

ஒன்பது மணி. கடை ஓய்கிறது. கடைசியாக ஓர் அம்மாவும் மகனும்.

இருபத்தொரு வயது. டிப்ளமோ முடித்துவிட்டான். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. நாளை இரவு பஸ். இரண்டு பேன்ட் துணி. டெய்லர் டேப்பை இறக்குகிறார். இடுப்பு 30. நீளம் 40. முட்டி. காலின் வாய். பையன் கையை விலக்கி நின்று கொடுக்கிறான். எண் எண்ணாகக் கேட்டு ஃபோனில் தானும் ஏற்றிக்கொள்கிறான். அங்கே போனபின் ஆன்லைனில் வாங்க உதவும்.

டெய்லர் நோட்டில் எழுதுகிறார். கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டு மூடப்போகிறார்.

“உள்ள கொஞ்சம் துணி விட்டுத் தைங்கண்ணே,” என்கிறாள் அம்மா.

“எதுக்கும்மா?” என்கிறான் மகன். “மூணு வருசமா ஒரே அளவுதான்.”

அம்மா பதில் சொல்லவில்லை. துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருக்கிறாள்.

டெய்லர் பையனின் பாதங்களைப் பார்க்கிறார். எட்டாம் நம்பர் ஷூ. பழையது. உள்ளே அடங்கிய பாதம்.

பென்சிலை எச்சிலில் தொட்டுக்கொள்கிறார். நோட்டைத் திறக்கிறார்.

ம 2.